வீடு பறிபோனவர்களுக்கு யார் பதில் சொல்வது? அயர்லாந்தின் விசாரணைக் குழுக்கள் குறித்து ஒரு கேள்வி

கார்க் நகரவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அயர்லாந்தில் நெடுங்காலமாக வசித்து, இங்கேயே குடியுரிமையும் வாக்குரிமையும் பெற்றுவிட்ட எனக்கு, இந்நாட்டு அரசியலில் ஒரு விஷயம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. 2008 செப்டம்பர் இறுதியில் வங்கிகள் தள்ளாடியபோது, சுமார் 440 பில்லியன் யூரோ அளவுள்ள அவற்றின் பொறுப்புகளுக்கு அரசு ஒரே இரவில் உத்தரவாதம் அளித்தது. அதன் தொடர்ச்சியாக 64 பில்லியன் யூரோ பொதுப்பணம் வங்கிகளுக்குள் போயிற்று; ஏ.ஐ.பி. வங்கி ஏறத்தாழ முழுவதுமாக அரசின் உடைமையாகவே ஆனது. ஆனால் அதே வங்கிகள், வேலை இழந்து தவணை கட்ட இயலாமல் போன குடும்பங்களின் வீடுகளைச் சுவாதீனம் எடுக்க நீதிமன்றத்துக்குச் சென்றபோது, நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்விகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்த நிதியமைச்சர்கள் சொன்ன பதிலின் சாரம் ஒன்றே: தனிப்பட்ட கடன்கள் வங்கியின் வணிக முடிவுக்கு உட்பட்டவை, அமைச்சர் அவற்றில் தலையிட இயலாது, நுகர்வோர் பாதுகாப்பு மத்திய வங்கியின் பொறுப்பு.

எங்கள் குடியிருப்பில் வசித்த ஒரு குடும்பம் இப்படித்தான் வீட்டை இழந்தது. அவர்களிடம் கூடுதல் வட்டி வாங்கப்பட்டிருந்ததைக் கடன் கொடுத்த நிறுவனமே சில ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டு இழப்பீடும் கொடுத்தது. அதற்குள் வீடு கைமாறிவிட்டது. அடுத்த மாதம் எங்கள் தொகுதி உறுப்பினர் மக்களைச் சந்திக்கும் நாளில் இதுபற்றிப் பேச எண்ணியிருக்கிறேன்.

நான் தெரிந்துகொள்ள விரும்புவது இதுதான். வங்கிச் சரிவு பற்றி இத்தனை அறிக்கைகளும் ஆணையங்களும் நாடாளுமன்ற விசாரணையும் நடந்தும், வீடு பறிபோன விவகாரத்தில் அரசை நேராகப் பொறுப்பேற்க வைத்த விசாரணை ஒன்றாவது உண்டா? இல்லையென்றால், புதிதாக ஒரு விசாரணை கேட்பதில் பொருள் இருக்கிறதா, அல்லது வேறு வழியில் கேட்க வேண்டுமா?

---

சட்டநூல் வாசகர் எழுதியது:

நண்பரே, அயர்லாந்து அரசியலமைப்பின் 28ஆவது பிரிவின்படி அரசு கீழவைக்கு, அதாவது டாய்லுக்கு, பொறுப்பானது. எழுத்தில் இது தெளிவாகவே இருக்கிறது. நடைமுறையில் அந்த அவை யாரை அழைத்து என்ன கேட்கலாம், கேட்டபின் என்ன முடிவு சொல்லலாம் என்பதில்தான் சிக்கல்.

அந்தச் சிக்கல் வங்கிகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 2000 ஏப்ரலில் லாங்ஃபோர்டு மாவட்டத்தில் உள்ள ஆபிலாரா என்ற ஊரில், வீட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த இளைஞர் ஒருவரைக் காவல்துறையின் ஆயுதப் பிரிவு சுட்டுக் கொன்றது. அதை நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று விசாரிக்கத் தொடங்கியதும் 36 காவலர்கள் நீதிமன்றம் சென்றனர். 2002 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், நாடாளுமன்றத்துக்கு வெளியே உள்ள தனிநபரின் நற்பெயரைப் பாதிக்கும் வகையில் குற்றம் கண்டறிந்து அறிவிக்கும் அதிகாரம் நாடாளுமன்றக் குழுவுக்குக் கிடையாது என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பின் எந்த நாடாளுமன்ற விசாரணையும் இந்தத் தீர்ப்பின் நிழலிலேயே நடந்தாக வேண்டியிருக்கிறது.

இதை மாற்ற அரசியலமைப்பைத் திருத்தும் யோசனையை அரசு 2011 அக்டோபர் 27 அன்று பொதுவாக்கெடுப்புக்கு விட்டது. அப்போது வங்கிகள் மீதும் அரசியல்வாதிகள் மீதும் மக்களுக்கு இருந்த கோபத்தைப் பார்த்தால் அது எளிதாக நிறைவேறியிருக்க வேண்டும். ஆனால் அரசின் தலைமைச் சட்ட ஆலோசகர்களாக இருந்த முன்னாள் அட்டர்னி ஜெனரல்கள் எட்டுப் பேர் கூட்டாகக் கடிதம் எழுதி எதிர்த்தனர். 53 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்டோர் வேண்டாம் என்று வாக்களித்துத் தோற்கடித்தனர். ஆகவே 2013இல் இயற்றப்பட்ட விசாரணைச் சட்டம், பழைய தீர்ப்பு விட்டுவைத்த குறுகிய இடத்துக்குள்ளேயே அமைந்தது.

இந்தப் பின்னணியில்தான் கியாரன் லிஞ்ச் தலைமையில், பதினொரு உறுப்பினர்களைக் கொண்ட வங்கி நெருக்கடி விசாரணைக் குழு 2014 இறுதியில் அமைக்கப்பட்டு, 2016 ஜனவரி 27 அன்று அறிக்கை தந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டது. முன்னாள் பிரதமர்களும் வங்கித் தலைவர்களும் வந்தனர். ஆனால் சாட்சிகள் ஒருவருக்கொருவர் முரண்பட்டுப் பேசிய இடங்களில் யார் சொல்வது உண்மை என்று தீர்மானித்து எழுத அதனால் இயலவில்லை. ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் ஷான்-குளோத் திரிஷே, தாம் பதில் சொல்ல வேண்டியது ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கே என்ற நிலைப்பாட்டில் சாட்சியாக வர மறுத்தார். 2015 ஏப்ரலில் டப்ளினில் நடந்த ஒரு பொது நிகழ்ச்சியில் உரையாற்றிவிட்டு, பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்த குழு உறுப்பினர்களின் கேள்விகளுக்கு விடையளித்தார். இறையாண்மையுள்ள ஒரு நாட்டின் நாடாளுமன்றக் குழு, கருத்தரங்கப் பார்வையாளர்களைப் போல அமர்ந்து கேள்வி கேட்க நேர்ந்ததே, அந்த விசாரணையின் வலிமை எவ்வளவு என்பதை அறிக்கையைவிட நன்றாகக் காட்டிவிட்டது என்பது என் எண்ணம். மத்திய வங்கிச் சட்டத்தின் ரகசியக் காப்புப் பிரிவு, கையில் கிடைத்த ஆவணங்களையே வெளிப்படையாகப் பயன்படுத்த விடவில்லை என்று குழுவே தன் அறிக்கையில் குறைபட்டுக்கொண்டது. இறுதியில் பியர்ஸ் டொஹர்ட்டி, ஜோ ஹிக்கின்ஸ் ஆகிய இரு உறுப்பினர்கள் அறிக்கையை ஏற்க மறுத்தனர்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த விசாரணையின் மையப் பொருள் வங்கிகள் ஏன் சரிந்தன, உத்தரவாதம் எப்படி அளிக்கப்பட்டது என்பதே. சரிந்தபின் கடனாளிகள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பது அல்ல. அதற்கு முந்தைய அறிக்கைகளும் அப்படியே. 2010இல் மத்திய வங்கி ஆளுநர் பேட்ரிக் ஹானஹன் அளித்த அறிக்கை கண்காணிப்புத் தவறுகளைப் பற்றியது. 2011இல் பின்லாந்துக்காரரான பீட்டர் நைபர்க் தலைமையிலான ஆணையம் விசாரணையை மூடிய கதவுக்குள் நடத்தி, தனிநபர் எவரையும் பெயர் சொல்லாமல் எழுதியது. வீடு பறிபோனவர்களை மையமாக வைத்து முழு அதிகாரம் கொண்ட விசாரணை எதுவும் நடக்கவில்லை என்பதே நேரான விடை.

---

தணிக்கைக்காரர் எழுதியது:

மேலே எழுதியவர் சட்டத்தைச் சரியாகவே விளக்கியிருக்கிறார். ஆனால் விசாரணை என்ற பெயர் தாங்கியவற்றை மட்டும் பார்த்தால் விடை பாதிதான் கிடைக்கும். நான் நிதிக் கணக்குத் துறையில் இருப்பவன். என் பார்வையில், வீடு பறிபோன விவகாரத்தில் எதையேனும் வெளிக்கொண்டு வந்தது 2015 டிசம்பரில் மத்திய வங்கி தொடங்கிய டிராக்கர் கடன் ஆய்வுதான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டிராக்கர் கடன் என்பது ஐரோப்பிய மத்திய வங்கியின் வட்டி விகிதத்தோடு ஒரு நிலையான கூடுதல் விகிதத்தைச் சேர்த்து வசூலிக்கும் வீட்டுக் கடன். 2008க்குப் பின் அந்த அடிப்படை விகிதம் தரைக்கு இறங்கியதும், கடனாளிக்கு அது வரமாகவும் வங்கிக்கு நட்டமாகவும் ஆனது. சில ஆண்டுகளுக்கு நிலைவட்டிக்கு மாறியிருந்தவர்கள் திரும்பி வரும்போது, ஒப்பந்தப்படி அவர்களுக்கு உரிய டிராக்கர் விகிதத்தைத் தராமல் கூடுதல் வட்டிக்குத் தள்ளியது ஒரு வங்கியோடு நிற்கவில்லை. நாட்டின் முக்கியக் கடன் நிறுவனங்கள் அனைத்திலும் ஏதோ ஒரு வடிவத்தில் நடந்திருந்தது.

2019 ஜூலையில் வெளியான இறுதி அறிக்கையின்படி பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 40,100 பேர். அந்த ஆண்டு மே மாத இறுதி வரை வழங்கப்பட்ட இழப்பீடும் திருப்பிக் கொடுத்த தொகையும் 683 மில்லியன் யூரோ. குடியிருந்த வீட்டையே இழந்தவர்களின் கணக்கு 99 வீடுகள். வாடகைக்கு விட்டிருந்த சொத்துகள் 216. கார்க் நண்பர் சொன்ன குடும்பம் இந்த 99இல் ஒன்றாக இருக்கக்கூடும். மாதந்தோறும் உரியதைவிடக் கூடுதலாக வாங்கப்பட்டதால் நிலுவையில் விழுந்து, அந்த நிலுவையைக் காரணம் காட்டியே வெளியேற்றப்பட்டவர்கள் இவர்கள்.

இந்த எண்கள் தாமாக வந்துவிடவில்லை. 2017 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நாடாளுமன்றத்தின் நிதிக் குழு, ஜான் மெகின்னஸ் தலைமையில், பாதிக்கப்பட்டவர்களையே அழைத்துப் பேச வைத்தது. தங்கள் மணவாழ்வும் உடல்நலமும் என்னவாயின என்று அவர்கள் சொன்னதை நாடே பார்த்தது. அதன்பின் சில நாள்களிலேயே நிதியமைச்சர் பாஸ்கல் டொனஹு வங்கித் தலைவர்களை நேரில் அழைத்தார்; பல மாதங்களாக மறுத்துக்கொண்டிருந்த வங்கிகள் மேலும் பல ஆயிரம் கணக்குகளை ஏற்றுக்கொண்டன. அப்போது 20,000 அளவில் பேசப்பட்ட எண்ணிக்கைதான் இறுதியில் இரட்டிப்பானது. அந்த நிதிக் குழுவுக்கு எவர் மீதும் குற்றம் கண்டறியும் அதிகாரம் இல்லை என்பதைக் கவனியுங்கள். சாட்சியை முன்னே நிறுத்தவும், கண்காணிப்பாளரிடம் ஏன் இத்தனை மெதுவாக நடக்கிறது என்று கேட்கவும் அதற்கு அதிகாரம் எதுவும் தேவைப்படவில்லை.

ஆனால் தண்டனை என்று பார்த்தால் எனக்கு மனநிறைவு இல்லை. நிறுவனங்கள் மீது அபராதம் விதிக்கப்பட்டது: 2021இல் அல்ஸ்டர் வங்கிக்கு 37.8 மில்லியன், 2022 ஜூனில் ஏ.ஐ.பி.க்கும் அதன் துணை நிறுவனமான இ.பி.எஸ்.ஸுக்கும் சேர்த்து 96.7 மில்லியன், அதே ஆண்டு செப்டம்பரில் பேங்க் ஆஃப் அயர்லாந்துக்கு 100.5 மில்லியன். ஏ.ஐ.பி.யில் அன்றைக்கும் பெரும்பங்கு அரசிடமே இருந்தது. அபராதத் தொகை போய்ச் சேர்வதோ அரசுக் கருவூலத்துக்கு. சட்டையின் ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போட்டுக்கொண்டு, தண்டித்துவிட்டோம் என்பது போலத்தான் இது. முடிவெடுத்த மேலாளர்களைத் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்கும் சட்டம் 2023இல்தான் வந்தது. அதன் முக்கிய விதிகள் 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தன. பழைய தவறுகளுக்கு அது பொருந்தாது.

---

கார்க் நகரவாசி எழுதியது:

இருவருக்கும் நன்றி. தணிக்கைக்காரர் ஐயா சொன்ன 99 வீடுகள் வங்கியின் தவறால் போனவை; அங்கே வங்கியைக் குற்றம் சொல்லலாம். ஆனால் உண்மையிலேயே தவணை கட்ட முடியாமல் போனவர்களின் எண்ணிக்கை அதைவிடப் பன்மடங்கு அதிகம். 2013இல் 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் இருந்த குடியிருப்பு வீட்டுக் கடன்கள் ஒரு லட்சத்தை நெருங்கியிருந்ததாகப் படித்திருக்கிறேன். அவர்கள் விஷயத்தில் அரசு வெறும் பார்வையாளராக இருந்ததா, அல்லது வீடுகளைக் கைப்பற்றுவதை எளிதாக்கியதா? ஒரு நீதிபதியின் தீர்ப்பால் சில காலம் ஜப்தி வழக்குகள் நின்றிருந்தன என்றும், அரசே சட்டம் போட்டு அதை மாற்றியது என்றும் ஒருவர் சொன்னார். அது உண்மையா?

---

லிமெரிக் வாசகி எழுதியது:

உண்மைதான். அமைச்சர்களின் "எங்களுக்குப் பொறுப்பில்லை" என்ற பதில் நிற்காமல் போவதும் இந்த இடத்தில்தான். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பதிவு செய்யப்பட்ட நிலத்தின் மீது அடமானம் வைத்திருப்பவர் சுருக்கமான நடைமுறையில் சுவாதீனம் கேட்கும் உரிமை, 1964ஆம் ஆண்டு உரிமைப் பதிவுச் சட்டத்தின் 62(7) பிரிவில் இருந்தது. 2009இல் நிலச் சட்டங்களை ஒழுங்குபடுத்தி ஒரு புதிய சட்டம் கொண்டுவந்தபோது, அந்தப் பிரிவை அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் நீக்கிவிட்டார்கள்; ஏற்கெனவே கையெழுத்தான அடமானங்களுக்கு அது தொடரும் என்று ஒரு வரி எழுதத் தவறிவிட்டார்கள். 2011 ஜூலையில் உயர் நீதிமன்ற நீதிபதி எலிசபெத் டன், அந்தத் தேதிக்கு முன்பே முழுத்தொகையையும் கேட்டு உரிமையை நிலைநாட்டியிராத கடன்களில் பழைய பிரிவைப் பயன்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தார். அதன் விளைவாக ஏராளமான வழக்குகள் முடங்கின.

அப்போது அயர்லாந்து, 2010 நவம்பரில் ஒப்புக்கொண்ட 85 பில்லியன் யூரோ மீட்புத் திட்டத்தின் கீழ் இருந்தது. ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய மத்திய வங்கி, பன்னாட்டு நாணய நிதியம் ஆகிய மூன்றும் அந்தச் சட்ட ஓட்டையை அடைக்க வேண்டும் என்று வற்புறுத்தின. அரசும் அதைத் தன் உறுதிமொழிகளில் சேர்த்துக்கொண்டது. 2013 ஜூலையில் திருத்தச் சட்டம் நிறைவேறியது. குடியிருப்பு வீடு என்றால் வழக்கை உயர் நீதிமன்றத்துக்குக் கீழுள்ள சர்க்கியூட் நீதிமன்றத்தில் தொடர வேண்டும், திவால் தீர்வுக்கு முயலக் கடனாளிக்கு அவகாசம் தந்து நீதிமன்றம் வழக்கை ஒத்திவைக்கலாம் என்ற பாதுகாப்புகளும் அதில் இருந்தன என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் கதவு மீண்டும் திறந்ததும் 2014இல் சர்க்கியூட் நீதிமன்றங்களில் சுவாதீன வழக்குகள் குவிந்தன. கவுண்டி ரெஜிஸ்ட்ரார் என்ற நீதிமன்ற அதிகாரியின் முன்னிலையில் ஒரே நாளில் நீண்ட பட்டியல்கள் அழைக்கப்பட்டன. எதிர்வாதிகளில் பலர் வழக்கறிஞர் இல்லாமலே வந்தனர், பலர் வரவே இல்லை. இது வங்கியின் வணிக முடிவு அல்ல. நாடாளுமன்றம் வாக்களித்து இயற்றிய சட்டத்தின் நேரடி விளைவு.

இதற்கு முன், 2013 மார்ச் மாதம் மத்திய வங்கி, இத்தனை விழுக்காடு நிலுவைக் கடன்களுக்கு இந்தத் தேதிக்குள் நிலையான தீர்வு முன்வைக்க வேண்டும் என்று முக்கிய வங்கிகளுக்கு இலக்கு விதித்தது. கேட்க நன்றாக இருக்கிறது. செப்டம்பரில் வங்கித் தலைவர்களை நிதிக் குழு அழைத்து விசாரித்தபோதுதான், வழக்குத் தொடரப் போவதாக அனுப்பிய கடிதங்களும் அந்தத் "தீர்வு" கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தன என்பது பொதுவெளிக்கு வந்தது. இலக்கை வகுத்தவர்கள் வீட்டைக் காப்பாற்றுவதையும் வீட்டைப் பறிப்பதையும் ஒரே தலைப்பில் எண்ண அனுமதித்திருந்தார்கள் என்றால், அதை ஒரு எழுத்தரின் கவனக்குறைவு என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். மீட்புத் திட்டத்தின் கண்காணிப்பாளர்களுக்குக் காட்ட எண்கள் தேவைப்பட்ட காலம் அது.

இன்னொன்று, நீங்கள் உறுப்பினரிடம் அவசியம் எடுத்துச் சொல்ல வேண்டியது. நிலுவையில் உள்ளவர்களை வங்கிகள் எப்படி நடத்த வேண்டும் என்று மத்திய வங்கியின் நடத்தை விதித்தொகுப்பு ஒன்று இருந்தது. அமைச்சர்களின் பதில்கள் பெரும்பாலும் அதையே சுட்டின. அந்த விதிகளை வங்கி மீறினால் நீதிமன்றத்தில் என்ன ஆகும்? 2015 மே மாதம் உச்ச நீதிமன்றம், நீதிபதி ஃபிராங்க் கிளார்க் எழுதிய தீர்ப்பில், வழக்குத் தொடராமல் காத்திருக்க வேண்டிய காலத்தை மீறினால் மட்டுமே சுவாதீன உத்தரவை மறுக்கலாம், மற்ற விதிகளை மீறியது உத்தரவுக்குத் தடையாகாது என்று முடிவு செய்தது. விதிகளை மீறினால் வழக்கு என்னவாகும் என்று சட்டம் எதுவும் சொல்லியிராத நிலையில், அதை வகுப்பது சட்டம் இயற்றுவோரின் வேலையே தவிர நீதிமன்றத்தின் வேலை அல்ல என்பதே அதன் உட்கிடை. அமைச்சர் மத்திய வங்கியைக் காட்டுகிறார், மத்திய வங்கியின் விதி நீதிமன்றத்தில் பல்லில்லாமல் நிற்கிறது, நீதிமன்றம் நாடாளுமன்றத்தைக் காட்டுகிறது. இந்த வட்டத்தை உடைக்கும் அதிகாரம் கீழவையில் பெரும்பான்மை வைத்திருக்கும் அரசிடம் மட்டுமே இருக்கிறது.

மத்திய வங்கியின் சுதந்திரம் என்ற வாதத்தையும் அப்படியே விழுங்க வேண்டாம். வட்டி, நாணயக் கொள்கை ஆகியவற்றில் அதன் சுதந்திரத்தை ஐரோப்பிய ஒப்பந்தம் காக்கிறது. கடனாளிகளை நடத்தும் விதித்தொகுப்போ 1989ஆம் ஆண்டு உள்நாட்டுச் சட்டத்தின் 117ஆவது பிரிவின் கீழ் வெளியிடப்பட்டது. அந்தச் சட்டத்தை இயற்றிய அவை அதைத் திருத்தவும் முடியும்.

இதுபோன்ற மற்றச் சட்டங்களைத் திருத்தியும் இருக்கிறார்கள், அழுத்தம் வந்தபோது. 2018 டிசம்பரில் ரோஸ்காமன் மாவட்டத்தில், ஸ்ட்ரோக்ஸ்டவுன் அருகே, ஒரு பண்ணை வீட்டிலிருந்து குடும்பத்தைத் தனியார் காவலாளிகள் வெளியேற்றிய காட்சி கைப்பேசிகளில் பரவியது. சில நாள்களில் முகமூடி அணிந்த கும்பல் ஒன்று அந்தக் காவலாளிகளைத் தாக்கி வாகனங்களைக் கொளுத்தியது. வன்முறையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த ஊரின் பெயருக்கு இந்நாட்டில் ஒரு கனம் உண்டு: 1847இல், பஞ்சத்தின் நடுவே, குடியானவர்களைக் கூட்டம் கூட்டமாக வெளியேற்றிய நிலவுடைமையாளர் சுட்டுக் கொல்லப்பட்டது அங்கேதான்; தேசியப் பஞ்ச அருங்காட்சியகம் இன்று இருப்பதும் அங்கேதான். அப்படிப்பட்ட ஊரில் நடந்ததால்தான், வெளியேற்றும் பணியைச் செய்யும் காவலாளிகளுக்கு உரிமம் எதுவுமே தேவையில்லை என்ற நிலை நாடாளுமன்றத்தில் சூடாகப் பேசப்பட்டது. அதைச் சரிசெய்யும் சட்டம் 2021இல் வந்தது. இடையே 2019இல், குடியிருப்பு வீட்டின் மீது உத்தரவு பிறப்பிக்கும்முன் அது பொருத்தமான அளவிலான நடவடிக்கைதானா, கடனாளி என்ன முயற்சி செய்தார், கடன் கொடுத்தவர் எவ்வாறு பதிலளித்தார் என்பவற்றை நீதிமன்றம் கருத வேண்டும் என்ற திருத்தமும் நிறைவேறியது. மிகத் தாமதமாக என்பது என் கருத்து.

சட்டநூல் வாசகரிடம் ஒன்று கேட்கிறேன். 2011 வாக்கெடுப்பு வென்றிருந்தால், இவை அனைத்தையும் ஒரே இடத்தில் வைத்து, யார் எந்த முடிவை எடுத்தார்கள் என்று பெயர் சொல்லி எழுதும் விசாரணை சாத்தியமாகியிருக்குமே? அதைத் தோற்கடித்தது யாருக்கு நன்மை?

---

சட்டநூல் வாசகர் எழுதியது:

அம்மா, நான் அதில் வேறு கருத்து உடையவன். அன்று முன்வைக்கப்பட்ட திருத்தம், தனிநபரின் உரிமைக்கும் பொது நலனுக்கும் இடையே எந்த அளவில் சமன் செய்வது என்பதை நாடாளுமன்றமே தீர்மானிக்கலாம் என்றது. கட்சிக் கொறடாவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வாக்களிக்கும் உறுப்பினர்கள், தங்கள் எதிர்க்கட்சிக்காரரின் நற்பெயரைப் பற்றித் தீர்ப்பு எழுதுவதை நான் விரும்பமாட்டேன். அடுத்த தேர்தலில் இருக்கைகள் மாறும். அதிகாரம் அப்படியே இருக்கும்.

நீதிபதி தலைமையிலான விசாரணை மன்றம் என்ற மாற்றுவழியும் இங்கே பலத்த அடி வாங்கியிருக்கிறது. டப்ளின் நகரத் திட்டமிடல் ஊழலை விசாரித்த மன்றம் 1997இல் தொடங்கி 2012இல் இறுதி அறிக்கை தந்தது. அத்தகைய நீளத்தையும் செலவையும் தவிர்க்கவே 2004இல் விசாரணை ஆணையச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதன் கீழ் பெரும்பகுதி மூடிய அறையில்தான் நடக்கும். ஆகவே முழு வெளிச்சம், விரைவு, தனிநபர் உரிமை ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

ஆனால் நீங்கள் விவரித்த வட்டம் எனக்கு ஒன்றைத் தெளிவாக்குகிறது. அதை உடைக்க ஒருவரின் நற்பெயரையும் தொட வேண்டியதில்லை. 2013 திருத்தத்தை முன்மொழிந்தபோது எத்தனை வீடுகள் பாதிக்கப்படும் என்று துறை மதிப்பிட்டது, மாற்று வழிகள் எவை பரிசீலிக்கப்பட்டன என்பவை கொள்கை பற்றிய கேள்விகள். ஆபிலாரா தீர்ப்பு இவற்றைத் தடுக்கவில்லை. ஆகவே புதிய விசாரணை கேட்பதில் எனக்கு மறுப்பில்லை. வரம்பைக் கொள்கையோடு நிறுத்திக் கேட்டால் அது நடக்கக்கூடியதாகவும் இருக்கும்.

---

தணிக்கைக்காரர் எழுதியது:

கார்க் நண்பருக்கு, உறுப்பினரைச் சந்திக்கும்முன் செய்யக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன்.

எழுத்து வடிவக் கேள்வி கேட்கச் சொல்லும்போது, குறிப்பிட்ட குடும்பத்தையோ குறிப்பிட்ட வங்கியின் முடிவையோ அதில் நுழைக்காதீர்கள். நுழைத்தால் பழைய பதிலே திரும்பி வரும். அமைச்சரின் சொந்த வேலையைக் கேளுங்கள். பங்குதாரர் என்ற முறையில் அரசு வங்கிகளோடு 2012இல் செய்துகொண்ட உறவு ஒப்பந்தங்கள் எந்தெந்த விஷயங்களில் அமைச்சரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்றன, அந்த ஆலோசனை வீட்டுக் கடன் தொகுப்புகளை விற்கும்போது நடந்ததா என்று கேளுங்கள். 2018இல் பெர்மனென்ட் டி.எஸ்.பி. வங்கி சுமார் 2.1 பில்லியன் யூரோ மதிப்புள்ள கடன்களை லோன் ஸ்டார் என்ற முதலீட்டு நிதியத்தோடு தொடர்புடைய நிறுவனத்துக்கு விற்றது. அப்போது வங்கியின் பங்குகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு அரசிடம். அமைச்சருக்கு முன்கூட்டியே என்ன தெரிவிக்கப்பட்டது என்பது அவர் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி. ஏ.ஐ.பி.யில் எஞ்சியிருந்த பங்குகளை அரசு 2025 ஜூனில் விற்று முடித்துவிட்டது. ஆனால் உரிமையாளராக இருந்த காலத்துக்கான பொறுப்பு அந்த விற்பனையோடு சேர்ந்து கைமாறிவிடாது.

அதோடு, தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் நிதித்துறையிடம் நீங்களே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. மறுத்தால் துறைக்குள் மறுபரிசீலனை கேட்க 30 யூரோ, தகவல் ஆணையரிடம் மேல்முறையீட்டுக்கு 50 யூரோ. வங்கியின் ஆவணம் இந்த வழியில் கிடைக்காது. மத்திய வங்கியின் ஆவணத்துக்கு ரகசியக் காப்புப் பிரிவு குறுக்கே நிற்கும். ஆனால் துறை அதிகாரிகள் அமைச்சருக்கு எழுதிய குறிப்புகள் வேறு வகை. காலத்தையும் பொருளையும் குறுக்கிக் கேளுங்கள். "எல்லா ஆவணங்களும்" என்று எழுதினால், அளவு மிகுதி என்று சொல்லி மறுக்க இடம் கொடுத்ததாகும்.

2015 செப்டம்பர் முதல் பரப்புரைப் பதிவேடும் இருக்கிறது. எந்த நிதி நிறுவனம் எந்த அமைச்சரையோ மூத்த அதிகாரியையோ எந்தப் பொருளில் அணுகியது என்று ஆண்டுக்கு மூன்று முறை அதில் தாக்கல் செய்தாக வேண்டும். இணையத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். 2018, 2019ஆம் ஆண்டுகளில் கடன் விற்பனை பற்றிய மசோதாக்கள் விவாதத்தில் இருந்த மாதங்களைப் பாருங்கள். கிடைப்பதை அச்செடுத்து உறுப்பினர் கையில் கொடுங்கள். அவருடைய உதவியாளர்கள் தாமாக அதைத் தேடுவார்கள் என்று நம்பி இருக்க வேண்டாம். நிதிக் குழுவில் அவர் கட்சியின் உறுப்பினர் யார் என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பம் பேச முன்வந்தால், அவர்கள் கடிதம் எழுத வேண்டியது அந்தக் குழுவின் எழுத்தருக்கு.